அஞ்செட்டிக்குப் போகாத பஸ்

ராசா,

போன வாரம் உன் கடிதம் வந்தபோது நான் களி கிண்டிக்கொண்டிருந்தேன். தபால்காரர் வாசலில் நின்றுகொண்டு, "பெங்களூர் பைலட்டு கடுதாசி!" என்று தெருவுக்கே கேட்கும்படி கூவினார். துடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். படித்து முடித்துத் திரும்பி வருவதற்குள் பானை முழுக்கக் கட்டி. மத்தியானம் உன் அப்பா ஒவ்வொரு கட்டியாக உடைத்துத் தின்றுகொண்டே, "யாரு மேல இம்மாங் கோவம்?" என்று கேட்டார். "உங்க மகன் மேலதான்" என்றேன். கோபம் வந்தால் நீ அவர் மகன், பெருமை வந்தால் என் மகன். இந்த வீட்டில் அது நீ பிறந்த நாள் முதலாக இருக்கிற ஏற்பாடு. மற்றபடி ஓசூரில் எல்லாரும் நலம் என்று வழக்கம்போல எழுதிவிடலாம்தான். ஆனால் உன் அப்பாவுக்குச் சளி, எருமைக்குக் காலில் புண், எனக்கு மட்டும் வாயில் ஒரு குறையும் இல்லை. அதனால் இந்தக் கடிதம் நீளமாகத்தான் போகும். காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்து படி.

நீ எழுதியதில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்து. நீ ஓட்ட வேண்டிய டக்கோட்டா விமானத்தில் இடது பக்க எஞ்சினுக்கு எண்ணெய் சரியாகப் போகவில்லை. உனக்கு முன்னால் ஓட்டி வந்தவர்களும் அதைச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு ஊரிலும் 'அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளித் தள்ளியே பெங்களூர் வரைக்கும் கொண்டுவந்து விட்டார்கள். அதைச் சரி செய்யாமல் நான் எடுக்கமாட்டேன் என்று நீ சொன்னாய். உனக்குப் பதிலாகக் கூப்பிட்ட விமானியும் மாட்டேன் என்றான். மூன்றாவதாக ஒருவர் வந்து எடுத்துக்கொண்டு போனார், மதராசில் பத்திரமாக இறக்கியும் விட்டார். அதுதான் உன்னைப் போட்டு அரிக்கிறது. 'பயத்தில் தவறாக முடிவெடுத்துவிட்டேன், மன்னிக்கவும்' என்று இந்த மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடு, இல்லாவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று கம்பெனி சொல்லிவிட்டது. உன்னோடு மறுத்தவன் எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பவும் ஓட்ட ஆரம்பித்துவிட்டான். உனக்கோ தை மாதம் கல்யாணம். வேலை போன மாப்பிள்ளையாகப் போய் மணையில் உட்காருவதா என்று குன்றிப் போய்விட்டாய். 'ஒன்றும் ஆகவில்லையே அம்மா, நான்தான் பயந்துவிட்டேனா? எழுதிக் கொடுத்துவிடட்டுமா?' என்று கடைசியில் கேட்டிருக்கிறாய். படித்ததும் எனக்கு அழுகை வந்தது. பிறகு களி ஞாபகம் வந்தது.

நீ பயப்படாதவன் என்று நான் ஒரு நாளும் சொல்லமாட்டேன். பெங்களூருக்குப் படிக்கப் போகிறவரைக்கும் பல்லி இருக்கிற அறையில் நீ படுத்ததே இல்லை. சர்க்கார் உதவித்தொகை கொடுத்து உன்னை விமானம் ஓட்டப் படிக்க வைத்தபோது, பல்லி விஷயத்தை அந்த அதிகாரிகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா என்று நானும் உன் அப்பாவும் நிஜமாகவே யோசித்தோம். ஆனால் நீ கேட்கிற பயம் வேறு. அதற்கு எனக்குத் தெரிந்த பதில் ஒரு பஸ்ஸில்தான் இருக்கிறது. நீ படிக்கப் போன வருஷம் நடந்தது. உன்னிடம் இதுவரைக்கும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று ஒருவர் என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். அந்த வாக்கை இப்போது உடைக்கப் போகிறேன், அவரும் போன வாரம் சரி என்றுவிட்டார். யார் என்று கொஞ்சம் பொறு.

உன் அப்பா அப்போது ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை வழியாக அஞ்செட்டிக்குப் போகிற பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த மலைச்சரிவு உனக்குத் தெரியும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் மூங்கில் காடு, கீழே எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். ஆயுத பூஜைக்கு முதலாளி பஸ்ஸைக் கழுவி, முன்னால் வாழைக்கன்று கட்டி, கண்ணாடிக்குச் சாமந்தி மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்து மணப்பெண் மாதிரி நிறுத்தியிருந்தார். அதற்கு முன்னால், அன்றைக்குக் காலையிலிருந்து மேஸ்திரி பின் சக்கரங்களைக் கழற்றி பிரேக் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் முடிந்தது. மறுபக்கம் ஆரம்பிக்கும்போது பூஜைக்கு நேரமாகிவிட்டது என்று ஆள் வந்துவிட்டது. ஸ்பானரை எல்லாம் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்துச் சாமி முன்னால் வைத்துவிட்டால் மறுநாள் எடுக்கிறவரைக்கும் யாரும் தொடக்கூடாது அல்லவா? அவர் பழையபடி சக்கரத்தை மாட்டினார், ஆயுதங்களைச் சாமி முன்னால் அடுக்கினார், பொரியையும் சுண்டலையும் துண்டில் முடிந்துகொண்டு ராயக்கோட்டைப் பக்கம் தன் ஊருக்குப் போய்விட்டார். மறுநாள் விஜயதசமி, வண்டி ஷெட்டில்தான் நிற்கும் என்று அவர் நினைப்பு. அவர் போன பிறகுதான் முதலாளி பூசணிக்காயை உடைத்த சந்தோஷத்தில், "நாளைக்கி மொத நடை எல்லாருக்கும் சும்மா! டிக்கெட்டே கெடையாது!" என்று அறிவித்தார். மேஸ்திரி இல்லாத இடத்தில் முதலாளி சொன்னார், முதலாளிக்குத் தெரியாத வேலையை மேஸ்திரி பாதியில் விட்டுப் போனார். ஆனால் மாலை போட்ட வண்டியைப் பார்த்தால் வேலை முடியாத வண்டி என்று யாருக்காவது தோன்றுமா?

சும்மா என்றால் நம் ஜனங்களைப் பற்றிக் கேட்கவா வேண்டும்! விடிந்ததும் விடியாததுமாக ஷெட்டு வாசலில் கூட்டம். அஞ்செட்டியில் சொந்தம் இருக்கிறவன் இல்லாதவன் எல்லாரும் வந்துவிட்டார்கள். மேலே ஆட்டுக்குட்டி, உள்ளே கோழி, ஏணியில் இரண்டு பேர். நானும் முன் சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தேன், மடியில் ஒரு கூடை நிறைய ஒப்பட்டு, மதராசில் போளி என்கிறார்களே அதுதான். அஞ்செட்டியில் உன் சித்தி மகனுக்கு அன்றைக்குத்தான் அரிசியில் எழுத்து எழுத வைக்கிறார்கள். தேங்காய்ப் பூரணம் அரைத்து, கல்லில் ஒவ்வொன்றாகத் தட்டிப் போட்டு, இடுப்பு ஒடிந்திருந்தது எனக்கு. பக்கத்தில் இருந்தவளிடம், "எங்க வூட்டுக்காரருதான் ஓட்றாரு" என்று கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தேன்.

உன் அப்பாவின் பழக்கம் உனக்குத் தெரியாதது இல்லை. வண்டி நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும், முதலில் ஷெட்டு வாசல் வரைக்கும் உருட்டி பிரேக்கை அழுத்திப் பார்க்காமல் ரோட்டில் இறக்கமாட்டார். அன்றைக்கும் உருட்டினார், அழுத்தினார். வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் வாசல் கல்லுக்குப் பக்கத்தில் நின்றது. பின்னால் தள்ளி இன்னொரு தரம் பார்த்தார். அதே இழுப்பு. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினார். சக்கரத்தில் இருந்த குங்குமத்தைப் பார்த்தார்; முந்தின நாள் மேஸ்திரி அந்தச் சக்கரத்தைக் கழற்றி வைத்திருந்ததை அவர் பார்த்திருந்தார். அப்புறம், "மேஸ்திரி வராம நான் எடுக்கமாட்டேன்" என்றார்.

அவ்வளவுதான். முதலாளி பதறிக்கொண்டு ஓடி வந்தார். அவருக்குக் கோபம் வந்தால் தெலுங்கும் தமிழும் கலந்து வரும். "ஏமய்யா இது! விஜயதசமியும் அதுவுமா, பூஜ போட்ட வண்டிய எடுக்கமாட்டேன்னா அபசகுனம்ல? மெதுவா ஓட்டுய்யா, சாமி இருக்குது!" என்றார். உன் அப்பா, "சாமி கும்பிட்டதாலதாங்க ஸ்பானரக் கீழ வெச்சாங்க. அதுக்கோசரம்தான் வேல பாதியில நிக்குது" என்றார். பஸ்ஸுக்குள்ளே கன்னடக்காரர்கள், "ஹோகோண்ரீ, ஹோகோண்ரீ!" என்று போகலாம் போகலாம் என்று சத்தம் போட்டார்கள். தமிழ்க்காரர்கள் போட்ட சத்தத்தை எழுதினால் தபால்காரர் இந்தக் கடிதத்தைக் கொண்டு வரமாட்டார். எல்லாரையும்விடப் பெரிய சத்தம் பஸ்ஸின் பின் பக்கத்திலிருந்து வந்தது. போச்சம்பள்ளிப் பக்கத்திலிருந்து மாடு வாங்க அஞ்செட்டிக்குப் புறப்பட்ட ஒரு விவசாயி. ஆள் நல்ல உயரம், மீசை அதைவிடப் பெரிசு. ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டி, "இவனெல்லாம் ஒரு டிரைவரா? புடவையக் கட்டிக்கினு வூட்ல உக்காருய்யா! மலையப் பாத்தா கால் நடுங்குதா?" என்று கத்தினார். புடவை கட்டிக்கொண்டிருந்த எனக்கே ரோஷம் வந்துவிட்டது, ஆனால் அந்த நேரத்தில் என் கோபம் அவர்மேல் இல்லை.

நான் இறங்கிப் போய் உன் அப்பாவைக் கேட்டேன். "என்னாங்க இது, எல்லாரும் கேவலமா பேசறாங்க. அங்க தங்கச்சி வாசலப் பாத்துக்கினு நிப்பா. இந்த வண்டிய வுட்டா நாளைக்கித்தான். நான் உக்காந்திருக்கேன்னு பயப்படறீங்களா?" என்றேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ உக்காந்திருக்கேன்னு சொல்லல. நீ இல்லேன்னாலும் இதத்தான் சொல்லியிருப்பேன்" என்றார். கேட்டாயா பதிலை? 'உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே உருகியிருப்பேன். நான் இல்லாவிட்டாலும் இதேதானாம்! அன்றைக்கு முழுக்க அவரோடு பேசவில்லை. அதற்காக இப்போதும் வருத்தப்படவில்லை. பெண்டாட்டியிடம் பேசுகிற பேச்சா அது? கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவன் நீ, இதை மட்டும் அப்பாவிடம் கற்றுக்கொள்ளாதே.

வேறு டிரைவருக்கு ஆள் அனுப்பினார்கள். பண்டிகை நாளில் யார் கிடைப்பார்கள்? வெயில் ஏற ஏறக் கூட்டம் பாதி திட்டிக்கொண்டே கலைந்தது. தூரத்து ஊர்க்காரர்கள் மட்டும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். பசியில் குழந்தைகள் சிணுங்க ஆரம்பித்தன. நான் என்ன செய்வேன், அந்த ஒப்பட்டை மடியில் வைத்துக்கொண்டு அத்தனை பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டு உட்கார முடியுமா? கூடையைத் திறந்துவிட்டேன். குழந்தைகளுக்குக் கொடுத்தேன், பெரியவர்களுக்குக் கொடுத்தேன், முதலாளிக்கும் ஒன்று கொடுத்தேன். அந்த மீசைக்காரரைத் தாண்டிப் போய்விடலாம் என்றுதான் பார்த்தேன். மனுஷன் கையை நீட்டிவிட்டார். "டிரைவரு மேலதாம்மா கோவம், ஒப்பட்டு என்னா பண்ணிச்சி" என்றார். எத்தனை தின்றார் என்று எண்ணவில்லை, எண்ணினால் கண் பட்டுவிடும்.

ஆள் அனுப்பிக் கூப்பிட்டதில் சாயங்காலம் மேஸ்திரி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். சக்கரத்தைக் கழற்றினார்கள், எல்லாரும் சுற்றி நின்று பார்த்தோம். ஒரு பக்கம் பிரேக் பிடிக்கிற லைனிங் பட்டை புதுசு. மறுபக்கம் பழசு, அப்பளம் மாதிரித் தேய்ந்து கிடந்தது. முதலாளி, "இதோட போயிருந்தா என்னாய்யா ஆயிருக்கும்?" என்று கேட்டார். எல்லாரும் மேஸ்திரி வாயையே பார்த்தோம். 'உருண்டிருக்கும்' என்று அவர் சொல்லிவிட்டால் உன் அப்பா கெட்டிக்காரர், 'போயிருக்கும்' என்று சொல்லிவிட்டால் பயந்தாங்கொள்ளி. மேஸ்திரி நேர்மையான ஆள். லைனிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போயிருந்தாலும் போயிருக்கும். போகாமலும் இருந்திருக்கும்" என்றார்.

முதலாளி கையைத் தட்டினார். "பாத்தியா! போயிருக்கும்னு சொல்றாரே!" சிலர் சிரித்தார்கள். நான் உன் அப்பாவைப் பார்த்தேன். பாவமாக இருந்தது, கோபம் எல்லாம் எங்கே போயிற்றோ. அவர் சத்தமே போடவில்லை. "போயிருக்கலாங்க. அந்த 'கலாம்' மேல கொண்டுபோயி இத்தன பேர உக்கார வெக்க எனக்கு மனசு வரல" என்றார். மீசைக்காரர் மலைப்பக்கம் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். காலையில் அவர் அடித்துப்பிடித்து வாங்கிய இடம் அந்தச் சக்கரத்துக்கு நேர் மேலே இருந்த சீட்டு.  என் பக்கம் வந்து, "இன்னும் ஒண்ணு இருக்குதாம்மா?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டார்.

உன் அப்பாவை அதற்குப் பிறகு கொஞ்ச காலம் வண்டியில் ஏற்றவில்லை. ஷெட்டில் டயருக்குக் காற்றுப் பார்க்கிற வேலை. ஊரில் அவரைப் பார்க்கிறவன் எல்லாம், "என்னாப்பா, இன்னிக்கி போயிருக்குமா, போகாதா?" என்று கேட்டுவிட்டுப் போவான். உனக்கு எழுதினால் படிப்பு கெட்டுவிடும் என்று எழுதவில்லை. ஆனால் ஒரு வேடிக்கை. முதலாளி வீட்டுப் பெண்கள் எங்கேயாவது கிளம்பினால் மட்டும் ஷெட்டுக்கு ஆள் வரும்: "அந்த மாட்டேங்கிறவர வரச் சொல்லுங்க." அப்படி வந்து வந்தே ஒரு நாள் பழைய பஸ்ஸும் அவர் கைக்குத் திரும்பிவிட்டது.

மீசைக்காரர் யார் என்று இந்நேரம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் நீ விமானம் ஓட்டுவதே சந்தேகம்தான். உன் மாமனாரேதான்! அன்றைக்கு வேப்பமரத்தடியில் ஒப்பட்டு தின்ற கையோடு எனக்கு எத்தனை பிள்ளைகள், என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் ஓசூர்ப் பக்கம் வரும்போதெல்லாம் மாங்காயோ புளியோ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். உனக்கு வேலை கிடைத்ததும் அவராகவேதான் வந்து தன் மகள் காவேரியைக் கொடுக்கிறேன் என்றார். 'புடவையக் கட்டிக்கினு உக்காரு' என்று சம்பந்தியைச் சொன்னது மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம், மானம் போய்விடும் என்று என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். ஓடாத பஸ்ஸில் ஏறி வந்த சம்பந்தம்டா உனக்கு.

இனி போன வாரத்துக் கதை. உன் விஷயம் எப்படியோ சந்தை வரைக்கும் போய், 'ஓசூர் மாப்பிள்ளை ஏரோப்ளேனுக்குப் பயந்துட்டானாம், வேலையும் போச்சாம்' என்று அவர் காதில் விழுந்திருக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். முகத்தில் சிரிப்பில்லை.  அன்றைக்கு ஜன்னலில் தொங்கிக்கொண்டு கத்திய ஆள்தானே, இன்றைக்கும் கத்திவிட்டு நிச்சயத்தை முறித்துக்கொண்டு போய்விடுவாரோ என்று நினைத்தேன். மோர் கொண்டுவந்து வைத்தேன், அதைத் தொடவில்லை. "மாப்பிள்ள மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டாரா?" என்று கேட்டார். அவர் சமாதானம் ஆகட்டும் என்று நான், "இன்னும் இல்லீங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள எழுதிருவான்" என்றேன். மனுஷன் எழுந்து நின்றுவிட்டார்.

"எழுதக்கூடாதும்மா! எழுதினாருன்னா பொண்ணக் குடுக்கறதப் பத்தி நான் யோசிக்க வேண்டியதா இருக்கும். மாப்பிள்ளயோட அப்பாரு அன்னிக்கி மாட்டேன்னு சொன்னதாலதான் நான் இந்த வூட்டுக்கு சம்பந்தம் பேச வந்தேன். மகன் ஆமான்னு எழுதிக் குடுத்துட்டா நான் எத நம்பி என் பொண்ண அந்த ஏரோப்ளேன்ல ஏத்தறது?" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். அந்தக் குரலைக் கேட்டு எனக்கு இவ்வளவு சந்தோஷம் வரும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். பிறகு உட்கார்ந்து மோரைக் குடித்துவிட்டு, "அந்த பஸ் கதைய மாப்பிள்ளைக்கி எழுதிடும்மா, என் மானம் போனாப் போவுது" என்றார். காவேரி உனக்கு ஒரு சேதி சொல்லி அனுப்பியிருக்கிறாள்: 'வேலை போனால் போகட்டும், தோப்பில் மாமரத்துக்குத் தண்ணீர் கட்ட ஆள் வேண்டும். தோப்பில் பல்லி கிடையாது, ஓணான்தான் உண்டு.' பல்லி விஷயத்தை அவளிடம் சொன்னது நான்தான். வீட்டுக்கு வரப்போகிற பெண்ணுக்கு முக்கியமான சங்கதிகளைச் சொல்லி வைக்க வேண்டாமா?

நீ வேலையில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. நிறையவே இருக்கிறது. 'பைலட்டு அம்மா' என்று கடைத்தெருவில் கூப்பிடும்போது எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியாது. வேலை போனால் அந்தப் பெயரும் போகும், கொஞ்ச நாள் அழுவேன், அப்புறம் சரியாகிவிடும். ஆனால் கண்ணால் பார்த்ததை 'பயம்' என்று உன் கையாலேயே எழுதிக் கொடுக்காதே ராசா. எழுதத்தான் வேண்டும் என்றால், அன்றைக்கு எஞ்சினில் என்ன பார்த்தாயோ அதை மட்டும் எழுதிக் கொடு. எடுத்துக்கொண்டு போனவர் பத்திரமாக இறங்கியதில் எனக்குச் சந்தோஷம்தான், அவரையும் யாரோ ஒருத்தி பெற்றிருக்கிறாள். மன்னிப்பு எழுதிக் கொடுத்த உன் சிநேகிதனோடு முகம் கொடுத்துப் பேசு. அவன் வீட்டில் என்ன நிலைமையோ, நமக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு அவனுக்கு முதல் பத்திரிகை வை. உன் அப்பாவையும் இந்தக் கடிதத்தில் ஏதாவது எழுதச் சொன்னேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "நான் என்னாத்த எழுதறது. எடுக்கமாட்டேன்னு அவன் சொன்னப்பவே முடிஞ்சிபோச்சி" என்றார். சொல்லிவிட்டுப் போய் உன் போட்டோவைத் துண்டால் துடைத்தார். சளிக்குத் துடைத்த துண்டு, அதை நான் மறுபடியும் துடைத்தேன்.

கடைசியாக ஒன்று. நீ விமானி ஆன நாளிலிருந்து என்னை ஒரு தரம் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று கெஞ்சுகிறாய். தரையில் சக்கரம் படாத எதிலும் நான் ஏறமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இப்போது சொல்கிறேன், ஏறுகிறேன். இந்தக் கம்பெனியோ வேறு கம்பெனியோ, நீ மறுபடி எந்த விமானத்தில் உட்கார்ந்தாலும் முன்னால் எனக்கு ஒரு இடம் பிடித்து வை. புதுப்புடவை கட்டிக்கொண்டு, மடியில் ஒரு கூடை ஒப்பட்டோடு வந்து உட்காருவேன். கிளம்பும்போது நீ வந்து, 'அம்மா, இது சரியில்லை, நான் எடுக்கமாட்டேன், இறங்கு' என்று சொன்னால், இந்தத் தடவை உன்னோடு சண்டை போடமாட்டேன். பேசாமல் கூடையைத் திறந்து, பக்கத்தில் இருக்கிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டு இறங்கி வருவேன்.

உன் அம்மா